பெயர் சொல்லாத விண்ணப்பம்

சபையில் ஓலை வாசிப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களான எங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், அதற்கு முன்பாக மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று வாசிப்பார். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்போம். வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். யாரும் எழுந்து தடை சொல்லி நான் பார்த்ததில்லை. தடை சொல்ல எங்களுக்கு வேறு இடம் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மவுண்ட் ரோடுக்குப் பெயர் மாறியிருந்தது, எங்கள் வாய்தான் மாறவில்லை. சைதாப்பேட்டையில் ஐந்து குடித்தனம் இருந்த ஒரு காம்பவுண்டில் நாங்கள் ஒரு போர்ஷன். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் கோயில் பாட்டுப் புத்தகத்திலும் கடலை மடித்து வந்த காகிதத்திலும் எழுத்துக்கூட்டிப் பிடித்ததுதான். ஆனால் காது நல்ல காது. யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது மறக்காது. ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போங்கம்மா, உள்ள இன்னா உங்க மாமியாரா குந்திக்கினு கீறாங்க?" என்றார். அதை நாலு நாள் நாலு வீட்டில் சொல்லிச் சிரித்தேன். ஓரிடத்தில் கேட்டதை இன்னோர் இடத்தில் கொண்டுபோய் வைப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசி என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அடுத்த போர்ஷனில் இருந்தவள் என்னைவிட ஐந்து வயது இளையவள். தேனாம்பேட்டையில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். தகப்பனார் இல்லை. தாயாருக்குக் கைகால் முடங்கிப் படுக்கை. காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறாக்கி, ஊட்டிவிட்டு, எட்டரை மணி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே பின்னலைக் கட்டுவாள். கோயிலில் பாடகர் குழுவில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. எனக்குப் படிப்பதற்குக் கஷ்டமான வரி வந்தால் அவள் குரலைக் கொஞ்சம் தூக்குவாள், நான் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். எனக்குச் சரியாக வாசிக்க வராது என்பது அந்தக் குழுவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எத்தனையோ வருஷம் தெரியும். வேறு யாருக்கும் தெரியவேயில்லை.

அவளுக்கு இருபத்தொன்பது ஆகியிருந்தது. வருகிற இடமெல்லாம் அம்மாவின் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிடும். கடைசியில் அடையாறிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவராகவே கட்டில் பக்கத்தில் போய் நின்று, "நீங்களும் எங்களோடதான் இருக்கணும்மா" என்றாராம். அந்தத் தாயார் இதை என்னிடம் எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும், வார்த்தை பாதிதான் வெளியே வரும். "என்னையும்... என்னையும் சேத்து" என்பார். அந்தக் கல்யாணத்தில் இரண்டு பேருடைய சாப்பாடும் படுக்கையும் மானமும் இருந்தன. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

முதல் ஓலை வாசித்த வாரம், புதன்கிழமை. லைனிங் துணியும் கொக்கியும் வாங்கத் தி.நகர் போயிருந்தேன். கால் கடுத்தது. பூங்காவில் சற்று உட்கார்ந்து போகலாம் என்று நுழைந்தேன். மணி மூன்று இருக்கும். மரத்தடி பெஞ்சில் அவள் இருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள், வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனக் கீற்று. அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த ஆள் கைக்குட்டையை நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். நான் பார்த்தது இவ்வளவுதான்.

நான் கிட்டே போகவில்லை. வந்த வழியே திரும்பி வேகமாக நடந்தேன். பஸ்ஸில் வருகிறபோது எனக்குள் இருந்தது கவலை என்றுதான் அப்போது நினைத்தேன். கவலையும் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. என்னிடம் சொல்லவில்லையே, இவ்வளவு பழகியும் என்னிடம் மறைத்துவிட்டாளே என்கிற எரிச்சல் அது. ஒருவன் தப்புச் செய்ததாகப் பட்டால் தனியே அவனிடம் போய்ப் பேசு என்று எங்கள் வேதத்தில் தெளிவாகவே இருக்கிறது. எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே எட்டடிதான். புதன் போயிற்று, வியாழன் போயிற்று, அந்த எட்டடியை நான் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போதகர் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். அவரவர் விண்ணப்பத்தைச் சொல்லவேண்டும், பிறகு எல்லோரும் முழங்காலில் நின்று ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்கவேண்டும். அதுதான் முறை. ஆபீஸ் போகிறவள் ஆனதால் அவள் அதற்கு வருவதில்லை. ஒருத்தி மகனின் பரீட்சைக்காகக் கேட்டாள். இன்னொருத்தி புருஷனின் குடிக்காகக் கேட்டாள். என் முறை வந்தது.

"பேர் சொல்ல வேணாம்னு பாக்கறேன்" என்று ஆரம்பித்தேன். "நம்ம சகோதரி ஒருத்தி. கல்யாணம் கூடி வர்ற நேரத்துல மனசு வேற பக்கம் இழுக்குது போல. ஆண்டவர் அவளை நேரான வழியில நடத்தணும்."

"ஐயோ, கண்ணால பாத்தியா?" என்றார் போதகரின் மனைவி.

"பாத்தேம்மா. தி.நகர் பூங்காவுல. அதுக்கு மேல கேக்காதீங்க."

ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாதம் எங்கள் சபையில் ஓலை வாசிக்கப்பட்ட பெண் ஒருத்திதான். பெயரைச் சொல்லியிருந்தால் யாராவது, "சேச்சே, அவளா? இருக்காது" என்று எதிர்த்துப் பேசியிருப்பார்கள். பெயர் இல்லாததால் அதற்கும் இடம் இல்லாமல் போயிற்று.

பிறகு கண்ணை மூடினோம். முதலில் ஜெபித்தவள், மனம் தடுமாறும் மகள் என்றாள். அடுத்தவள், அந்நியன் விரித்த வலையில் சிக்கியவள் என்றாள். மூன்றாமவள் விம்மிக்கொண்டே, நெடுநாளாக மறைத்துவைத்த பாவத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் என்று கேட்டாள். நான் கொடுத்தது ஒரு கைக்குட்டை, ஆளுக்கு ஒரு முழம் சேர்த்துப் புடவை ஆக்கிவிட்டார்கள். ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே பேசி, நான் அப்படிச் சொல்லவில்லையே என்று திருத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. முடிந்ததும் ஆமென் சொல்லவேண்டும். நானும் சொன்னேன். பிறகு காபியும் சுண்டலும் வந்தன. வீட்டுக்கு நடக்கையில் மனது லேசாக இருந்தது. அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் காலை மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்தாள். "இன்னாம்மா, பக்கத்து வூட்டுப் பொண்ணு கண்ணாலம் நின்னு பூடுமாமே?"

"யார் சொன்னா ஒனக்கு?"

"கோயில் தெரு வூட்ல பேசிக்கினு இருந்தாங்கோ. ஜெபத்துல சொன்னீங்களாம்."

"ஏய், அது ஜெபம். வம்பு இல்ல."

அவள் சங்கரா மீனின் செவுளைப் புரட்டிக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "நாங்க மார்க்கெட்ல கண்ணத் தொறந்துகினு பேசறோம். நீங்க கண்ண மூடிக்கினு பேசறீங்கோ. வேற இன்னா வித்தியாசம் கீதும்மா?"

சிரித்துவிட்டேன். நல்ல வார்த்தை, இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று உடனே தோன்றிற்று. இப்படி எது கிடைத்தாலும் நான் முதலில் போய்ச் சொல்கிற ஆள் அடுத்த போர்ஷனில் இருந்தாள். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலையை வாசித்தார்கள். செவ்வாய்க்கிழமை அடையாறில் பல சபைப் பெண்கள் கூடும் கூட்டம். எங்கள் போதகரின் மனைவி அதற்குப் போனார். விண்ணப்பத்தை மற்ற சபைகளுக்கும் கொண்டுபோவது ஊழியம் என்று கருதுகிறவர் அவர். கெட்டவர் இல்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பவர். அங்கேயும் பெயர் சொல்லாமல்தான் சொன்னாராம். சைதாப்பேட்டை சபை, கல்யாணம் நிச்சயமான பெண், பூங்கா. கூட்டத்தில் மாப்பிள்ளையின் சித்தி இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவருடைய தகப்பனார் போதகரைப் பார்க்க வந்தார். சாயந்திரம் அவளுக்கு ஆள் வந்தது. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு போவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவளுடைய அம்மா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "எதுக்கு... ஐயா கூப்பிட்டாரு?"

"ஓலை விஷயமா இருக்கும்மா" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அங்கே நடந்ததைப் பிறகு போதகரின் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். பூங்காவில் ஒருவரோடு இருந்தது உண்மையா என்று போதகர் கேட்டிருக்கிறார். உண்மை என்றிருக்கிறாள். யார் என்று கேட்டதற்கு, "அவர் பேரு வேணாங்க ஐயா" என்று சொல்லிவிட்டாள். எத்தனை தரம் கேட்டும் அதேதான். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. எங்கள் கோயிலில் பாடகர் குழு சபையைப் பார்த்து உட்காரும். அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். எப்போதும் போல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறிவிப்புகளுக்குப் போதகர் எழுந்தார். ஞாயிறுபள்ளி, அறுப்பின் பண்டிகை, நோயாளிகளின் பெயர்கள். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, பாடுவோம் என்றார். ஓலை இல்லை. கோயில் நிறைந்த கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தது. விண்ணப்பத்தைக் கேட்டவர்கள், கேட்டவர்களிடம் கேட்டவர்கள், எல்லோரும். அவள் புத்தகத்தைத் திறந்து பாடினாள். கஷ்டமான வரி வந்தது. வழக்கம்போலக் குரலைக் கொஞ்சம் தூக்கினாள், எனக்காக. நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

வேதத்தில், தப்பு செய்தாள் என்று கல்லெறியக் கூட்டிவந்த பெண்ணின் முன்னால் ஆண்டவர் குனிந்து தரையில் எழுதினார் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். என்ன எழுதியிருப்பார் என்று யோசித்ததுண்டு. அன்றைக்குத்தான் வேறொன்று பட்டது. ஊரே அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

அந்த வாரம் முழுவதும் என்னால் அவள் வாசலுக்குப் போக முடியவில்லை. அடுத்த திங்கள்கிழமை அம்மாவுக்கு ரசம் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கக்கா" என்றாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்குப் பூங்காவுல உங்க பச்சை ஒயர் கூடையப் பாத்தேன்கா. கேட் பக்கம் வேகமாப் போயிட்டிருந்தீங்க. அக்காதானேன்னு மனசு லேசாயிடுச்சு. வேற யார் கண்ணுல பட்டிருந்தாலும் ஊரெல்லாம் ஆயிருக்கும்னு நெனச்சேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நான் பேர் சொல்லலைம்மா."

"தெரியும்கா."

"பொய்யும் சொல்லலை."

"அதாங்கா." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "பொய்யா இருந்தா ஐயா முன்னாடி இல்லவே இல்லைன்னு சொல்லியிருப்பேனே. ஆறு வருஷமாப் பழக்கம். ஆபீஸ்ல இருக்கறவர். அவங்க வீட்லயும் ஒத்துக்க மாட்டாங்க, நம்ம பக்கமும் நடக்காது. அவருக்கும் பொண்ணு பாத்துட்டாங்க. இனிமே பேச வேணாம்னு சொல்லத்தான் அன்னைக்கு அரை நாள் லீவு போட்டேன். சொல்லிட்டு, முகத்தைக் கழுவிக்கிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கஞ்சி வெச்சேன். முடிஞ்சுபோனதைப் பாத்துட்டு நடந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லிட்டீங்க."

"இதை ஐயாகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பேரைக் கேப்பாரு. பேரைச் சொன்னா அந்தக் கல்யாணமும் நிக்கும். ஒண்ணு போதும்கா."

பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற கட்டளையை நான் மீறவில்லை என்று அத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மெய்ச்சாட்சியாலும் ஒருத்தியின் வாழ்க்கையை எடுத்துவிட முடியும் என்பதை அந்தத் துணிக்குவியலுக்கு எதிரில் உட்கார்ந்துதான் கற்றேன். அவள் தனக்கு வந்துகொண்டிருந்த கல்யாணத்தையே விட்டுவிட்டு ஒரு பெயரைக் காப்பாற்றியிருந்தாள். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

மன்னித்துக்கொள் என்று காலைத் தொடாத குறையாகக் கேட்டேன். "மன்னிச்சுட்டேன்கா" என்று உடனே சொன்னாள். அதில் பாசாங்கு இல்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்து, "இனிமே உங்ககிட்ட எதையும் சொல்ல வராதுன்னு தோணுது. கோவம் இல்லக்கா. வரலை, அவ்ளோதான்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, தப்பு என்னுடையது, அவளைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்று அழுதேன். எல்லோரும் என் முதுகைத் தடவினார்கள். "ஜெபத்துக்குத்தானே சொன்னே, அதுல ஒன்னும் பாவம் இல்ல" என்றார் போதகரின் மனைவி. காயப்படாதவர்கள் எல்லோரும் என்னைத் தாராளமாக மன்னித்தார்கள். அன்றைக்கும் சுண்டல் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. குழாயடியில் தண்ணீர் வந்தால் கூப்பிடுவாள், பண்டிகைக்கு முறுக்கு கொடுப்பாள். ஆனால் ஆபீஸில் இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பிக்கிற பேச்சு நின்றுபோயிற்று. நான் எதைச் சொல்லிச் சிரித்தாலும் சிரிப்பாள், திருப்பி ஒன்று தரமாட்டாள். நானும் ஒரு தீர்மானம் பண்ணிக்கொண்டேன். இனி இல்லாத ஆளைப் பற்றி நல்லதோ கெட்டதோ வாய் திறப்பதில்லை. என்னைப் போல ஒரு வாயாடிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதில் ஒரு பெருமைகூட எனக்கு இருந்தது.

மூன்று வருஷம் போனது. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, அவள் ஆபீஸ் போயிருந்த நேரம், மயிலாப்பூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் என் வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் ஜனம்தான். அந்த அம்மாவின் தம்பிக்கு மனைவி தவறிப்போய், கையில் ஒரு பெண் குழந்தை. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார்கள். தாயாரையும் கூட வைத்துக்கொள்ளச் சம்மதமாம். காபி போட்டேன். அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற விதம், சிக்கனம், குரல், பொறுமை எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "முன்னாடி ஒரு இடம் ஓலை வரைக்கும் வந்து நின்னுடுச்சாமே. என்ன காரணம்னு உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றார்.

என் தீர்மானம் ஞாபகத்துக்கு வந்தது. ரொம்ப ஒழுங்கான மனுஷி மாதிரி, "அதைப் பத்தி நான் பேசறதில்லீங்க" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "புரியுதுங்க" என்றார் அந்த அம்மா, மெதுவாக. காபியை முடிக்காமல் எழுந்தார்கள்.

டம்ளரைக் கழுவுகிறபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது. என் வாயால் நின்றது என்பதுதான் அந்தப் பதில். அவள் பெயரையோ அந்த மனிதரின் பெயரையோ தொடாமலே அதைச் சொல்லியிருக்கலாம். தீமையாகப் பேச எனக்கு உரிமை இருந்த ஆள் நான் ஒருத்திதான். அவளைப் பற்றி மட்டும் அடக்கவேண்டிய வாயை நான் என்னைப் பற்றியும் சேர்த்து அடக்கிக்கொண்டேன்.

போதகரிடம் விலாசம் வாங்கி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மயிலாப்பூர் போனேன். அந்த அம்மா நாற்காலி போட்டார். எல்லாவற்றையும் என் மேல் போட்டுச் சொன்னேன். நான் வம்புக்காரி, என் எரிச்சலில் ஜெபம் என்ற பெயரில் அவளை இழுத்தேன், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ரொம்ப நல்லவங்கம்மா" என்றார். "ஒரு பொண்ணுக்காக இவ்ளோ தூரம் வந்து, பழியத் தன் தலைல போட்டுக்கிட்டுப் பேசறீங்களே. யார் செய்வாங்க இப்படி?" அவர் நம்பவில்லை. தம்பிக்கு வேறு இடம் பேசிக்கொண்டிருப்பதாக வாசல்வரை வந்து சொன்னார்.

வெயில் தாழ்ந்து வீடு திரும்பினேன். அவள் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். விசாரிக்க வந்தவர்கள் பற்றி அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"எங்கக்கா, இவ்ளோ நேரம்?"

"மயிலாப்பூர் வரைக்கும்."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழாயை மூடினாள்.

"சாப்பிட்டிருக்க மாட்டீங்க. இட்லி இருக்கு, தரட்டுமா?" என்றாள்.

தட்டில் நாலு இட்லி வைத்து, மேலே இன்னொரு தட்டை மூடிக் கொண்டுவந்து என் வாசற்படியில் வைத்துவிட்டு, அம்மா கூப்பிடுகிறார் என்று உள்ளே போய்விட்டாள். கூப்பிட்ட சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.